மேற்குத் தாழ்வாரத்தில் ஓர் இடம்

இலுர்பா ஊர்க்காரர்களைப் பற்றி தல்லுஸுக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் கிடையாது. இருக்க நியாயமும் இல்லை. முப்பது வருடமாக ஒருவன் ஒரே சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்தால், அங்கே வந்துபோகிறவர்களின் லட்சணம் அவனுக்குத் தெரியாமல் போகுமா? அவன் ஊரின் அடிமை. தனியாக ஓர் எசமான் இல்லை. ஊர்ப் பேரவையின் முப்பது பேரும் சேர்ந்துதான் எசமான். ஒரு எசமானே ஒருவனுக்கு அதிகம். முப்பது பேர் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

விடிந்ததும் பேரவை மண்டபத்தின் கதவைத் திறப்பான். சதுக்கத்தைக் கூட்டுவான். சந்தைக்காரர்களின் எடைக்கற்களைச் சோதிப்பான். பேரவை கூடினால் வாசலில் நின்று தலைகளை எண்ணிச் சொல்வான். இதெல்லாம் போக இன்னொரு வேலையும் உண்டு. சதுக்கத்தின் மேற்குத் தாழ்வாரத்தை ஒட்டி நீளமாக ஒரு கல் பெஞ்சு இருந்தது. நாற்பது பேர் உட்காரலாம். குடிமக்களுக்கு மட்டும். அடிமை எவனாவது அசதியில் அதில் பிட்டத்தை வைத்துவிட்டால் தல்லுஸ் பிரம்பால் தொடையில் ஒன்று போட்டு எழுப்பிவிடுவான். அந்த வேலையை அவன் கொஞ்சம் விருப்பத்தோடுதான் செய்தான். தனக்கு உட்கார இடமில்லாத பெஞ்சில் இன்னொரு அடிமை உட்காருவதை அவனால் சகிக்க முடியாது.

அவனுடைய அம்மாவும் ஊரின் அடிமைதான். குளியல் மண்டபத்தில் தரை தேய்த்தே செத்துப்போனாள். அடிமை என்றே கல்லில் எழுதிப் புதைத்தார்கள். அந்த வார்த்தை தன் கல்லிலும் ஏறக்கூடாது என்பது ஒன்றுதான் தல்லுஸுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை. நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது. கேட்க வேண்டியவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டான். பார்க்கலாம் என்று சொல்லியே பதினாறு வருடம் ஓட்டிவிட்டார்கள்.

அந்த வருடம் ஊர்த் தலைவர்கள் இருவரில் ஒருவராக இருந்தவர் வோகோனியுஸ். குளியல் மண்டபத்தின் கூரையைச் செப்பனிட்டுக் கொடுத்திருந்தார். அதற்காக அவருக்குச் சதுக்கத்தில் ஊர்ச் செலவில் ஒரு சிலை வைப்பதென்று பேரவை தீர்மானம் போட்டது. உடனே அவர் எழுந்து, கௌரவமே போதும், செலவு தன்னுடையதாக இருக்கட்டும் என்றார். அப்படிச் சொல்வார் என்று தெரிந்துதான் தீர்மானமே போட்டார்கள். தீர்மானம் போடுவார்கள் என்று தெரிந்துதான் அவரும் கூரையைச் செப்பனிட்டார். இவ்வளவும் முடிந்தபிறகு முப்பது பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கண் கலங்கினார்கள். வாசலில் நின்றிருந்த தல்லுஸ் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டான்.

ஆனால் சதுக்கத்தில் ஏற்கெனவே முப்பத்தொரு சிலைகள் இருந்தன. ஒன்றையும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவரின் காலில் கழுதையைக் கட்டுவார்கள். முன்னாள் தலைவர் ஒருவர் ஊருக்கு நீதி சொல்வதுபோலக் கையை நீட்டியிருப்பார். அந்தக் கையில் நாவிதன் துண்டு காயப்போடுவான். முப்பத்திரண்டாவதாக நிற்கப்போகிற தனக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று வோகோனியுஸுக்குப் பயம் வந்தது. தல்லுஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“நீதான் நாள் பூரா அங்கயே நிக்கிற. இந்தச் சனங்க எங்க நிக்குது, எதப் பாக்குதுன்னு ஒனக்குத்தான தெரியும். எல்லாரு கண்ணும் படுற எடமாப் பாத்து எனக்குச் சொல்லு.”

“சொல்லலாம் எசமான். ஆனா சும்மா வாயில வந்தத சொல்லக்கூடாது. எண்ணிப் பாத்துச் சொல்லணும். பன்னெண்டு நாளாவது ஆகும்.”

“எண்ணு. யாரு வேணாங்கறா.”

“எண்ணினா எனக்கு என்ன எசமான்?”

வோகோனியுஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சிலை வைக்கிற அன்றே பேரவையைக் கூட்டி விடுதலைத் தீர்மானத்தைக் கொண்டுவருவதாகச் சொன்னார். சிலை வைப்பது ஜூன் கடைசி நாள். அதுவே அவருடைய பதவியின் கடைசி நாளும். மறுநாள் பதவிக்கு வரப்போகிறவர் எண்ணெய் வியாபாரி ஹோஸ்டியுஸ். வோகோனியுஸ் கை வைத்த எதையும் குப்பையில் போடுவதாக அவர் ஊரறியச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆகவே அந்த ஒரு நாள் தப்பினால் தல்லுஸுக்குப் பிறகு நாள் இல்லை. அவன் தலையாட்டிவிட்டு வந்தான்.

ஐந்து குடுவைகளும் ஒரு மூட்டை மொச்சையும் எடுத்துக்கொண்டான். சதுக்கத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குடுவை. ஒரு பகுதியில் ஒருவன் வந்து நின்றால் அதன் குடுவையில் ஒரு மொச்சை விழும். பொழுதுக்கு நாலு தரம் குடுவைகளைக் கவிழ்த்து எண்ணி மெழுகுப் பலகையில் கீறிக்கொண்டான். அது போக, நிற்கிறவனின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் குறித்தான். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். மொச்சை வேகவைக்க அடுப்பு வேண்டுமா என்று கேட்டார்கள். சிரித்தவர்களையும் நின்ற இடம் பார்த்து அவன் குடுவையில் போட்டுக்கொண்டான்.

பன்னிரண்டு நாள் எண்ணியதில் ஊரைப் பற்றிய அவனுடைய அபிப்பிராயம் ஊர்ஜிதமாயிற்றே தவிர மாறவில்லை. காலையில் கிழக்குப் பக்கம்தான் நிழல். அங்கே ஒரு கூட்டம் பணக்காரர்களின் வருகைக்காகப் பழைய மேலங்கியை உதறிப் போட்டுக்கொண்டு நிற்கும். பணக்காரர் வந்ததும் பின்னாலேயே போகும். அவர் தும்மினால் பத்துப் பேர் வாழ்த்துவார்கள். அந்தக் கூட்டத்தின் கண் அவருடைய கையை விட்டு வேறெங்கும் போகாது. அப்புறம் நீதி மண்டபத்துப் படிகள். வழக்கு உள்ளவன் தரையைப் பார்த்துக்கொண்டு போவான். வழக்கு இல்லாதவன் அடுத்தவன் குடி கெடுவதைப் பார்க்க வந்திருப்பான். அவன் பார்வையும் உள்ளேதான். நடுச் சதுக்கத்தில் உச்சி வேளைக்கு நாய்கூடப் படுக்காது. வோகோனியுஸ் ஆசைப்பட்டதென்னவோ கோயிலுக்கு முன்னால் உள்ள இடத்துக்கு. அங்கே நாள் ஒன்றுக்கு விழுந்தது பதினெட்டு மொச்சை. அதிலும் நாலு பேர் ஒண்ணுக்குப் போக மறைவு தேடி வந்தவர்கள்.

மேற்குப் பெஞ்சின் குடுவை மட்டும் தினம் நிரம்பி வழிந்தது. வெயில் மேற்கே சாய்ந்ததும் தாழ்வாரத்தின் நிழல் பெஞ்சின் மேல் விழும். ஆற்றுக் காற்று நேரே அங்கேதான் வரும். நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் அறுபது பேர், யாராவது எழுந்திருப்பார்களா என்று காத்து நிற்பார்கள். உள்ளே தாழ்வாரத்திலும் நிழல் உண்டுதான். ஆனால் அங்கே பணியாரக் கடைகளின் எண்ணெய்ப் புகை, காற்றும் கிடையாது. பெஞ்சில் இடம் பிடித்தவன் பொழுது சாயும்வரை அசைய மாட்டான். வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் காது கேட்காதவன்போல இருப்பான். ஒருவனுடைய மனைவிக்குப் பிரசவ வலி என்று சொல்ல வந்தார்கள். மூன்றாவது பிள்ளைதானே, அவளுக்குப் பழக்கம் உண்டு என்று பதில் சொல்லி அனுப்பினான். தல்லுஸ் அதையும் பலகையில் குறித்துக்கொண்டான்.

உட்கார்ந்திருக்கிற நாற்பது பேரும் எதிரே நீரூற்றைத்தான் பார்த்தார்கள். ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுக்க வருகிற இடம் அது.

இதையெல்லாம் அவன் வோகோனியுஸிடம் பலகையைக் காட்டிப் படித்தான். கோயில் முன்னால் வைத்தால் புறாவைத் தவிர யாரும் அவரைக் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றான். வைக்க வேண்டிய இடம் நீரூற்றுக்குப் பக்கத்தில்தான், பெஞ்சைப் பார்த்த மாதிரி.

“குடம் தூக்குற பொம்பளைங்க நடுவுலயா? என்னையா?”

“அவங்களப் பாக்கறப்ப ஒங்களையும் பாத்துத்தான எசமான் ஆகணும். இந்த ஊர்ல வேற எதையும் யாரும் அண்ணாந்து பாக்கறதில்ல.”

வோகோனியுஸின் முகம் சிவந்தது. வெளியே போ என்றார். மூன்று நாள் கழித்துக் கல்தச்சனைக் கூப்பிட்டு நீரூற்றுக்குப் பக்கத்தில் பீடம் கட்டச் சொன்னார். அந்த யோசனை கனவில் தனக்கு வந்ததாகப் பேரவையில் சொல்லிக்கொண்டார். தல்லுஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கனவு யாருடையதாக இருந்தாலும் அவனுக்குக் கவலை இல்லை.

ஜூன் கடைசி நாள் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. சிலையின் மேல் போட்டிருந்த துணியை உருவினார்கள். வோகோனியுஸ் கல்லில் நன்றாகத்தான் இருந்தார்; அவருக்கு இல்லாத மோவாயை எல்லாம் தச்சன் வைத்திருந்தான். ஊர் மொத்தமும் கை தட்டியது. தட்டிய கையோடு தேன் கலந்த மதுவும் பணியாரமும் எங்கே என்று தேடியது. சிலை திறந்தால் கொடுத்தாக வேண்டும், அதுதான் வழக்கம். மேற்குப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பரிமாறிவிட்டுத்தான் நிற்பவர்களுக்குத் தருவார்கள் என்று ஒரு பேச்சு பரவியதும் பெஞ்சுக்கு நடந்த தள்ளுமுள்ளு பார்க்கச் சகிக்கவில்லை. அறுபது வயதுக்காரர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

அதே பிற்பகலில் பேரவை கூடியது. ஊரின் அடிமையை விடுதலை செய்ய வேண்டுமென்றால் சட்டப்படி பேரவையில் மூன்றில் இரண்டு பங்குப் பேராவது மண்டபத்துக்குள் இருக்க வேண்டும். முப்பதில் இருபது. தலை எண்ணுவது தல்லுஸின் வேலை. எண்ணினான். பத்தொன்பது. ஆட்களை விலக்கிவிட்டு மறுபடி எண்ணினான். பத்தொன்பதுதான். ஆறு பேர் கோதுமை அறுப்புக்காக வயலுக்குப் போயிருந்தார்கள். மீதி ஐந்து பேர் எங்கே என்பதை அவன் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வோகோனியுஸ் சலித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்க்கலாம், ஆள் சேராவிட்டால் தன்னால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அவருக்கு வெளியே போய்த் தன் சிலையை இன்னொரு தரம் பார்க்க வேண்டும்போல இருந்தது. தல்லுஸ் அங்கிருந்து ஓடினான். முப்பது வருடத்தில் அந்தச் சதுக்கத்தில் அவன் ஓடியதை யாரும் பார்த்ததில்லை.

பேரவைக்காரர்கள் ஐந்து பேரும் பெஞ்சில்தான் இருந்தார்கள். முதல் ஆள் வாய் நிறையப் பணியாரத்தோடு தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாமவர் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடே மதுக் கிண்ணத்தை நேராகப் பிடித்திருந்தார். மூன்றாமவர், உன் விடுதலை எங்கேயும் ஓடிப்போகாது, இடம் ஓடிப்போகும் என்றார். நாலாவது ஆள் ஹோஸ்டியுஸ். அவரிடம் தல்லுஸ் கேட்கவே இல்லை. அவராகவே சிரித்தார்.

“நாளைக்கு நான்தான்டா தலைவன். கக்கூஸ் கழுவ ஒரு ஆள் வேணும். ஒன்னத்தான் நெனச்சு வச்சிருக்கேன்.”

ஐந்தாவது ஆள் மும்மியுஸ், ஹோஸ்டியுஸுக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வலது முழங்கால் பூசணிக்காய்போல வீங்கி, நிற்கவே முடியாதவர். ஊரில் கொஞ்சம் நியாயம் பேசுகிறவர் என்று பெயர். அது அவ்வளவு கஷ்டமான பெயர் இல்லை, அந்த ஊரில் போட்டி கிடையாது. தல்லுஸ் அவர் காலடியில் மண்டியிட்டான். ஒரு தலைதான் குறைகிறது, நீங்கள் வந்து கையைத் தூக்கினால் போதும், நானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான்.

மும்மியுஸுக்கு மனம் இளகியது நன்றாகவே தெரிந்தது. எழுந்திருக்கப் போனவர் சுற்றிலும் பார்த்தார். அவர் பிட்டம் ஒரு விரற்கடை உயர்ந்ததுமே நாலு பேர் முன்னால் வந்துவிட்டார்கள். சட்டென்று உட்கார்ந்துகொண்டார்.

“பாத்தியா? நான் எந்திரிச்சா எடம் போச்சு. திரும்பி வந்தா இந்தக் காலோட வெயில்லதான் நிக்கணும்.”

“யாரையாவது பாத்துக்கச் சொல்லலாங்கய்யா. ஒங்க மருமகன் அங்க நிக்காரு.”

“அவனா? அவன் உக்காந்தா நான் செத்தாலும் எந்திரிக்க மாட்டான்.” மும்மியுஸ் கொஞ்சம் யோசித்தார். “நீ உக்காரு.”

“நானா?”

“நீதான். வேற எவன் உக்காந்தாலும் குடிமகன், தன்னோட எடம்பான். நீ அடிமை. ஒனக்கு எடம்னு கேக்க வாயில்ல. அதனாலதான் ஒன்ன நம்புறேன். நான் வர்ற வரைக்கும் உக்காந்திரு.”

தல்லுஸ் கணக்குப் போட்டான். அடிமை பெஞ்சில் உட்கார்ந்தால் பிரம்படி. அது பெரிதில்லை. ஆனால் அடி என்று ஒன்று பதிவாகிவிட்டால் அந்த வருடம் முழுக்க விடுதலை கிடையாது, அது சட்டம். உட்காராவிட்டால் மும்மியுஸ் எழுந்திருக்க மாட்டார். அவர் எழுந்திருக்காவிட்டால் இருபதாவது தலை இல்லை. விடுதலை கிடைத்தவன்தான் அங்கே உட்காரலாம், உட்கார்ந்தால்தான் விடுதலை. இப்படி ஒரு முடிச்சைப் போட இந்த ஊரால்தான் முடியும் என்று அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மண்டபத்துப் பக்கம் பார்த்தான். வோகோனியுஸ் வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மும்மியுஸை ஒரு கையால் தூக்கி நிறுத்தி, அவர் விட்ட இடத்தில் தல்லுஸ் உட்கார்ந்தான்.

கிழவர் தன் மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். காத்து நின்ற நாலு பேரும் தல்லுஸைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அடிமை உட்கார்ந்திருக்கிறான், எழுப்புங்கள் என்று ஒருவன் கத்தினான். யார் எழுப்புவது என்று இன்னொருவன் கேட்டான். எழுப்புகிற ஆளே அவன்தானே, பிரம்பு அவன் மடியில்தானே இருக்கிறது என்று யாரோ சொல்ல, பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

ஹோஸ்டியுஸ் மட்டும் சிரிக்கவில்லை. தொடையில் தொடை இடிக்க ஓர் அடிமை உட்கார்ந்திருப்பது அவருக்குக் குமட்டியது.

“நான் இப்பவே மண்டபத்துக்குப் போய்ப் புகார் சொல்றேன். அடி விழும். அப்புறம் விடுதலையாவது வெங்காயமாவது.”

ஆனால் இந்தப் பெஞ்சைப் பன்னிரண்டு நாள் மொச்சை போட்டு எண்ணியவன் தல்லுஸ்.

“போங்கய்யா. போய்ச் சொல்லிட்டு வாங்க,” என்றான்.

ஹோஸ்டியுஸ் மண்டபத்தைப் பார்த்தார். நூறு தப்படி இருக்கும், அவ்வளவும் வெயில். தன்னைச் சுற்றி நின்ற நாலு பேரைப் பார்த்தார். அவர்கள் கண் இப்போது அவருடைய பிட்டத்தின் மேல் இருந்தது. பரிமாறுகிறவன் பணியாரத் தட்டோடு ஆறு பேர் தள்ளி வந்துகொண்டிருந்தான். நாளைக்கு ஊரை ஆளப்போகிறவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பணியாரம் சாப்பிட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். நிற்கிறவர்களில் ஒருவனை ஏவிப் பார்த்தார். எவனும் நகரவில்லை. ஒருவன் போனால் மற்ற மூன்று பேருக்கு வரிசையில் இடம் ஏறும், அவ்வளவுதான் லாபம்.

இவர்களைப் போய் ஊர் என்கிறார்களே என்று தல்லுஸ் நினைத்தான். முப்பத்திரண்டு சிலை வைத்திருக்கிறார்கள், கோயில் கட்டியிருக்கிறார்கள், நீதிக்கு ஒரு மண்டபம், சட்டத்துக்கு ஒரு மண்டபம். கடைசியில் இந்த ஊரை நடத்துவது நாற்பது பேர் உட்காருகிற ஒரு கல். அவனுக்குத் தன்னுடைய கணக்கு அட்சரம் பிசகாமல் சரியாக வந்ததில் ஒரு குரூர சந்தோஷம் இருந்தது.

கொஞ்ச நேரம் போனபிறகுதான் அவன் தன் உடம்பைக் கவனித்தான். கல் சில்லென்று இருந்தது. முப்பது வருடமாக அந்தக் கல்லைக் கூட்டியிருக்கிறான், கழுவியிருக்கிறான். அது இவ்வளவு குளிர்ச்சி என்று தெரியாது. ஆற்றுக் காற்று கழுத்து வேர்வையில் பட்டது. குதிகாலில் எப்போதும் இருந்த வலி இல்லை. முதுகுக்குப் பின்னால் தாழ்வாரத்தின் தூண், சாய்ந்துகொள்ளவென்றே அளவெடுத்து வைத்ததுபோல இருந்தது. எதிரே நீரூற்றில் ஒரு பெண் குடத்தை நிரப்பினாள். அவள் நிமிர்ந்து குடத்தை இடுப்பில் வைப்பதை அவன் முழுக்கப் பார்த்தான். பக்கத்தில் வோகோனியுஸின் சிலை நின்றது. அது அங்கே நிற்பது அவனுக்கு வெகு நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

பரிமாறுகிறவன் வந்தான். முகத்தைப் பார்க்காமல் எல்லாருக்கும் கொடுத்ததுபோல் அவன் கையிலும் ஒரு பணியாரத்தையும் கிண்ணத்தையும் திணித்துவிட்டுப் போனான். தல்லுஸ் கடித்தான். தேன் உள்வரை ஊறியிருந்தது.

மண்டபத்து வாசலில் எழுத்தர் வந்து நின்று படித்தார். பேரவையில் இருபது பேர் இருந்தார்கள், இருபது பேரும் கை தூக்கினார்கள், ஊரின் அடிமை தல்லுஸ் இனி சுதந்திரமானவன், இந்த ஊரின் குடிமகன். ஊர் விடுவிக்கிறவனுக்கு, ஊர்ப் பொதுவுக்கு உரியவன் என்ற பொருளில், புப்ளிகியுஸ் என்று குடும்பப் பெயர் தருவது வழக்கம்; அதன்படி இனி அவன் புப்ளிகியுஸ் தல்லுஸ். சதுக்கத்தில் அதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். தல்லுஸ் மெல்லுவதை நிறுத்தினான். அம்மாவை நினைத்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொண்டான்.

மும்மியுஸ் திரும்பி வந்தார். போகும்போது ஒரு காலைத்தான் இழுத்தார், வரும்போது இரண்டையும் இழுத்தார். மருமகன் பணியாரத்தைத் தேடிப் பாதி வழியிலேயே கழன்றுகொண்டிருந்தான். கிழவரின் முகம் வெயிலில் வெந்து போயிருந்தாலும் சிரிப்பு இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சிரிப்பு.

“ஆச்சுடா. இருபது கை. நான்தான் மொதல்ல தூக்குனேன். எந்திரி, எந்திரி, கால் கழண்டு போச்சு.”

தல்லுஸ் எழுந்திருக்கத்தான் போனான். அவன் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது. பிடித்த கை அப்படியே நின்றது. காலின் கீழே, நிழல் முடிகிற கோட்டுக்கு அந்தப் பக்கம், தரை கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்தால் அங்கேதான் நிற்க வேண்டும். காத்து நின்ற நாலு பேரோடு ஐந்தாவதாக.

“டேய். ஒன்னத்தான். எந்திரி.”

“எடத்தப் பாத்துக்கன்னு அடிமைக்கிட்டதானங்கய்யா சொன்னீங்க,” என்றான் தல்லுஸ். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “அந்த அடிமை இப்ப இல்லீங்களே.”

மும்மியுஸுக்கு முதலில் புரியவில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, கையை மட்டும் நீட்டினார், பிடித்து உட்கார வைப்பான் என்று. நீட்டிய கையை தல்லுஸ் பார்க்கவில்லை. நீரூற்றைப் பார்த்தான். கிழவரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். குடிமகனை எந்தச் சட்டத்தில் திட்டுவது, எந்தச் சட்டத்தில் எழுப்புவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். எழுப்ப வேண்டிய ஆளே உட்கார்ந்திருக்கிறான். அவர் பக்கத்தில் இருந்த ஒருவனின் தோளைப் பிடிக்கப் போனார். அவன் தோளை விலக்கிக்கொண்டான்.

ஹோஸ்டியுஸ் இதையெல்லாம் பணியாரத்தை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சற்று முன்னால் தனக்குக் குமட்டிய தல்லுஸின் அதே தொடையில் தன் தொடையை இடித்து, முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

“இப்பத்தான்டா நீ நம்ம ஊர்க்காரன்.”

தல்லுஸுக்கு முகம் எரிந்தது. மும்மியுஸ் வீங்கிய காலைத் தூக்கி ஒற்றைக் காலில் வெயிலில் நின்றார். யாராவது எழுந்திருப்பார்களா என்று பெஞ்சை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். அவர் கண் தன் பக்கம் வந்தபோது, இரண்டு பேருக்கு நடுவே நுழைந்துவிடுவாரோ என்ற பயத்தில், தல்லுஸ் முழங்கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டான்.